லேப்டாப் ஃபேன் சத்தம் போடுகிறதா? சூட்டையும் சேர்த்துப் பாருங்கள்

கோடை வந்துவிட்டால் என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி இது: "லேப்டாப் ஃபேன் ஓயாமல் சத்தம் போடுகிறது. மாற்றிவிடலாமா?" மாற்றும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள் என்பேன். ஒன்று, ப்ராசஸரின் வெப்பநிலை. மற்றது, ஃபேன் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுக்கள், அதாவது ஆர்.பி.எம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும்.

வெப்பம் வெளியேறும் வழி

ப்ராசஸரின் மீது தெர்மல் பேஸ்ட் தடவி ஒரு உலோகத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து செல்லும் செப்புக் குழாய், ஓரத்தில் உள்ள மெல்லிய உலோக இதழ்களுக்கு வெப்பத்தைக் கடத்தும். ஃபேன் அந்த இதழ்களின் இடையே காற்றை ஊதி, சூட்டை வெளியேற்றும். வழியில் எங்கு தடை வந்தாலும் சூடு ஏறும். ஃபேன் வேகம் எடுக்கும். எனவே சத்தம் போடும் ஃபேன் பல வேளைகளில் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

எப்படிப் பார்ப்பது?

சொந்த உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ புரோகிராமில் வெப்பநிலையைக் காணலாம். சில லேப்டாப்களில் ஃபேன் வேகம் காட்டப்படாது. அப்போது காற்று வெளிவரும் துவாரத்தின் அருகே கையை வைத்துப் பாருங்கள்.

லேசான வேலைகளின்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சாதாரணம். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் 80, 90 டிகிரியைத் தாண்டலாம். பல இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அதையும் மீறி ஏறினால் லேப்டாப் அணைந்துவிடும். அறையின் சூடு 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

எண்கள் சொல்வது என்ன?

1. சூடு, ஃபேன் வேகம், வேலை மூன்றும் அதிகம்: இயல்பானதே.

2. வேலை இல்லை, ஆனால் சூடும் வேகமும் அதிகம்: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ப்ராசஸரை விழுங்கும் புரோகிராம் எது என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் தூசி அல்லது காய்ந்த பேஸ்ட்தான் காரணமாக இருக்கும்.

3. சூடு அதிகம், ஃபேன் சுற்றவில்லை: உடனே லேப்டாப்பை நிறுத்துங்கள். மாற்ற வேண்டியது இந்த ஃபேனைத்தான்.

4. சூடு குறைவு, வேகம் அதிகம்: பயாஸில் ஃபேன் எப்போதும் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம்.

சூடும் வேகமும் குறைவாக இருந்தும் கரகரவென்று சத்தம் வந்தால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியின் லேப்டாப், புராஜெக்ட் கொடுக்க ஒரு வாரமே இருக்கையில், திறந்த பத்து நிமிடத்தில் மந்தமாகிவிடும். மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்தபோது 98 டிகிரி. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. துவாரத்தில் மட்டும் காற்றே இல்லை. திறந்தால், இதழ்களின் முன்னே கம்பளித் துணி போல தூசி. சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்ததும் அதே வேலைக்கு 76 டிகிரிதான். புராஜெக்ட் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

கவனிக்க வேண்டியவை

சுத்தம் செய்யும் முன் வாரண்டி உள்ளதா என்று பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் நீக்குங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக் கொள்ளுங்கள். மெத்தை, தலையணை மீது லேப்டாப்பை வைக்காதீர்கள். அடிப்புறத் துவாரங்கள் அடைபடும். சூடு, பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

சத்தம் பிடிக்கவில்லை என்று புரோகிராம் மூலம் ஃபேன் வேகத்தை மட்டும் குறைக்காதீர்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கிப் பாருங்கள். பல லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று, சூடும் சத்தமும் சேர்ந்தே குறையும். வேகம் சற்றுக் குறைந்தாலும் டைப்பிங், இணைய உலாவிற்கு அது போதும்.