சிற்றாற்றில் ஒரு கப்பல் – 6: ‘கூடாது’ என்றால் ஐந்து காசு

குற்றாலத்தில் படகேறி, சீவலப்பேரியில் தாமிரபரணிக்குள் திரும்பி, ஆதிச்சநல்லூர் பார்த்துக் கொற்கையில் இறங்குவது திட்டம். தலையணை அணைக்கட்டிலேயே தரை தட்டியதை எழுதியாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் தென்காசிக் கோபுரம் என்று சொல்லியிருந்தேன். கோபுரம் எங்கே போய்விடப் போகிறது? (ஒரு முறை போயிருக்கிறது, இப்போது நிற்பது 1990-ல் குடமுழுக்குக் கண்டது.) அதற்குள் மானூர் குறுக்கிட்டுவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். நைல் நதியில் லக்சரிலிருந்து அஸ்வான் போகும் கப்பலுக்கும் வழியில் எஸ்னா என்ற ஊரில் தடுப்பணை உண்டு. அங்கே நீர்ப்பூட்டில் கப்பலை நிறுத்தி, தண்ணீரை ஏற்றி இறக்கிக் கடத்திவிடுகிறார்கள். நம் சிற்றாற்றில் அணைக்கட்டுக்கு மேல் அணைக்கட்டு. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னார்: “அண்ணாச்சி, படகுன்னா ஐந்தருவி ரோட்டுல வெண்ணமடைக்குளத்துல போய் மிதிங்க. ஆத்துலன்னா படகை நீங்கதான் தூக்கிட்டுப் போவணும்.”

ஆற்றுத் தண்ணீர் கால் வழியாகக் குளங்களுக்குப் போய்விடுகிறது. சரி, அது போன வழியே போவோம் என்று கிளம்பியதில் வந்தது மானூர்ப் பெரியகுளம். அந்த ஊர் அம்பலவாணர் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலம் கி.பி. 800-ஐ ஒட்டி. குடவோலைக்குப் பேர்போன உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆக, ஊர்ச்சபைக்குச் சட்டம் எழுதியதில் மானூர் நூறாண்டு மூத்தது. பள்ளிப் பாடத்தில் பெயர் வாங்கியதென்னவோ உத்தரமேரூர்.

சபையில் உட்கார நிலப்பங்கு வேண்டும், ஒழுக்கம் வேண்டும், வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தருமநூலும் கற்றிருக்க வேண்டும். பிராமணர்களின் சபை அது. ஊரில் உழுதவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைத் தூங்கவிடாதது கடைசி விதி. எதைச் சொன்னாலும் ‘கூடாது, கூடாது’ என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்கு ஒத்து ஊதுகிறவர்களுக்கும் அதே தண்டம்! கூட்டத்தைக் கெடுப்பவர் தனியாக வருவதில்லை என்பதை ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறார்கள். எங்கள் தெரு நலச்சங்கத்தில் இந்த விதி இருந்திருந்தால், தண்டப் பணத்திலேயே சாக்கடை கட்டி முடித்திருக்கலாம். என் படகுத் திட்டத்தைக் கேட்டுக் ‘கூடாது’ என்றவர்களிடம் வசூலித்திருந்தால் படகே வாங்கியிருப்பேன்.

பக்கம் முடிகிறது. 1446-ல் தென்காசிக் கோயில் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதைக் காப்பவர்களின் காலில் விழுவதாகக் கல்லில் வெட்டிவைத்த கதை அடுத்த வாரம். மானூர் போக நினைப்பவர்கள் திருநெல்வேலியில் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.