துவர்ப்புச் சோளத்தைக் கோழிக்கு ஏற்ற உணவாக்கும் விதம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேட்டினால் புகழ்பெற்றது. பாலாற்று நீரைக் கால்வழியே ஏரிக்குக் கொணர்ந்த செய்தி அதில் காணப்படுகிறது. இவ்வாறு ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களில் கோழி வளர்ப்போர், தீவனத் தானியத்தைப் பெரும்பாலும் விலைக்கே வாங்க நேரிடுகிறது. மக்காச்சோளம் எரிசாராயம் வடிப்பதற்கும் மிகுதியாகக் கொள்ளப்படுவதால், அதன் விலை ஏறும் காலத்தில் சோளத்தை நாடுவது இயல்பு. ஆயின் எல்லாச் சோளமும் ஒரு தன்மையுடையதன்று.

நல்ல சோளம் போஷணையில் மக்காச்சோளத்திற்குச் சற்றே தாழ்ந்தது. சில இரகங்களிலோ, மேல்தோலுக்கு அடியிலுள்ள விதையுறையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்திருக்கும். கதிரைக் குருவியும் கிளியும் தீண்டாதபடி காப்பது இதுவே. கொல்லையில் காவலாயிருக்கும் அப்பொருளே கோழிக்கூண்டில் கேடாகிறது. அது தீவனத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு சீரணியாதபடி தடுக்கிறது. புரதம் எச்சத்தோடு வீணே கழிகிறது. குஞ்சுகள் வளர்ச்சி குன்றும், சிலவற்றிற்குக் கால் கோணும், முட்டையும் குறையும். டானின் மிகுந்தால் குஞ்சுகளின் வளர்ச்சி தடைப்படுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான சாங், புல்லர் என்போர் 1964-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர்.

நிறத்தைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. சிவந்த சோளத்தில் டானின் இல்லாமலும், வெளுத்த சோளத்தில் அது மறைந்தும் இருக்கலாம். சில மணிகளின் மேல்தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்க்கவேண்டும். அடியில் கபில நிறப் படலம் தென்பட்டால் ஐயங்கொள்ளவேண்டும். மொத்தமாக வாங்குவோர், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள தீவன ஆய்வுக்கூடத்திற்கு மாதிரி அனுப்பிச் சோதித்துக்கொள்வது உத்தமம்.

துவர்ப்பை நீக்கச் செலவில்லாத முறையொன்று உண்டு. ஆப்பிரிக்காவில் யுகாண்டா நாட்டின் தென்மேற்கிலுள்ள கிகேசி மலைப்பிரதேசத்தார், துவர்ப்புச் சோளத்தை விறகுச் சாம்பல் கரைசலில் ஊறவைத்து, முளைகட்டி, உணவுக்கும் பானத்திற்கும் பயன்படுத்துவது வழக்கம். ஆராய்ச்சியாளர்கள் இம்முறையைக் கோழிக்குஞ்சுத் தீவனத்திலும் சோதித்துள்ளனர். சாம்பலிலுள்ள காரம் டானினின் வலிமையைப் பெரிதும் குறைக்கிறது.

செய்முறை வருமாறு: சலித்த விறகுச் சாம்பலை நீரில் கூழ்ப்பதமாகக் கரைத்துச் சோளத்தை ஓர் இரவு முழுதும் ஊறவிடவேண்டும். மறுநாள் நீரை வடித்து, நன்கு கழுவி, ஈரச் சாக்கில் மூடி மூன்று நான்கு நாள் முளைகட்டவேண்டும். பின்னர் வெயிலில் நன்றாய் உலர்த்தி, முளையையும் வேரையும் தேய்த்துப் புடைத்து நீக்கவேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு மடிவதைக் குடியானவர்கள் அறிவார்கள். அப்பயிரில் உண்டாகும் நஞ்சு முளையிலும் உண்டாகிறது. ஆகையால் முளையைக் கோழிக்கு இடலாகாது. தானியத்தை ஈரம் நீங்காமல் குவித்தால் பூஞ்சணம் பற்றும். பூஞ்சண நஞ்சு டானினினும் கொடியது.

இவ்வாறு பக்குவஞ்செய்த சோளத்தையும் மக்காச்சோளத்திற்குப் பதிலாக ஒரேயடியாய் மாற்றாமல், முதலில் மூன்றிலொரு பங்கு சேர்த்துக் கோழிகளின் எடையையும் முட்டையையும் கவனித்துவரவேண்டும். சின்னஞ்சிறு குஞ்சுகளுக்குத் துவர்ப்பில்லாத தானியமே தக்கது. மெத்தியோனின் என்னும் புரதக்கூறு குறைவுபடாதிருக்க மீன் தூளும் எள்ளுப் பிண்ணாக்கும் அளவாய்ச் சேர்க்கலாம். சோளத்தில் மஞ்சள் நிறமிகள் குறைவாதலால் மஞ்சட்கரு வெளுக்கும். முருங்கைக்கீரையோ குதிரை மசாலோ இட்டுவரின் நிறம் தேறும்.

மலிவாகக் கிடைத்ததென்று சோதியாமல் வாங்கிய மூட்டை, குஞ்சுகளின் வளர்ச்சியிலும் முட்டைக் கணக்கிலும் நட்டத்தைக் காட்டிவிடும். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைத் தத்தம் ஊராருக்கு எடுத்துரைப்பாராயின், ஒரு கூடை சாம்பலின் உதவியால் அந்நட்டத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.