திருநங்கையர், திருநம்பியரின் சிகிச்சையும் வாழ்க்கைத் தரமும்

சிகிச்சை பெற்ற ஒருவர் நலமடைந்தாரா என்பதை இரத்தப் பரிசோதனையால் மட்டும் அறிந்துவிட முடியாது. அவர் நன்கு உறங்குகிறாரா, வேலைக்குச் செல்கிறாரா, பிறருடன் அச்சமின்றிப் பழகுகிறாரா என்பனவும் கருதத்தக்கவை. இதன் பொருட்டே உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளவிட 26 வினாக்கள் கொண்ட பட்டியலொன்றை வகுத்தது. உடல்நலம், மனநலம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்பன அதன் நான்கு பகுதிகளாம். திருநங்கையரும் திருநம்பியரும் பெறும் சிகிச்சையை இவற்றைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, உடல்நலம். ஹார்மோன் சிகிச்சை பெறுவோருக்கு மருத்துவரின் இடையறாத கண்காணிப்பு அவசியம். ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைய ஏதுவாகலாம். புகை பிடிப்போருக்கு இவ்வபாயம் மிகுதி. டெஸ்டோஸ்டிரோன் இரத்தச் சிவப்பணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கக் கூடும். விரைகளை அகற்றிக்கொண்ட பின் ஹார்மோன் பெறாதிருப்போருக்கு நாளடைவில் எலும்புகள் வலுவிழக்கின்றன. எனவே, தாமே கடையில் மருந்து வாங்கி உட்கொள்வது தீங்கு பயக்கும். எனினும், ஏளனத்திற்கு அஞ்சி மருத்துவமனையை நாடாதவர்கள் இவ்வழியையே மேற்கொள்கின்றனர்.

இரண்டாவது, மனநலம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய்ப் பட்டியலில், பால் அடையாள வேறுபாடு மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. வேறுபாடு நோயன்று; ஆயினும் இகழ்ச்சியும் புறக்கணிப்பும் மனச்சோர்வை விளைவிக்கின்றன.

மூன்றாவது, சமூக உறவு. சீட்டு எழுதுமிடத்தில் ஒருவரை அவர் விரும்பாத பெயரால் உரக்க அழைத்தால், அவர் மறுமுறை வரத் தயங்குவார். எந்தப் பிரிவில் படுக்கை தருவது என்று அவர் எதிரிலேயே வாதிடுவதும் அத்தகையதே. வீட்டார் ஆதரவு இருப்பின், அறுவைக்குப் பின் தேவையான பராமரிப்பும் எளிதாகிறது.

நான்காவது, சுற்றுச்சூழல். வருவாய், உறைவிடம், கல்வி ஆகியவை இதில் அடங்கும். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் ஆண், பெண் அல்லாத பிரிவில் 4,87,803 பேர் பதிவாயினர். அவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 56 சதவிகிதம். நாட்டின் சராசரியோ சுமார் 73 சதவிகிதம். இக்குறைவு பள்ளியிலேயே தொடங்குகிறது.

உச்ச நீதிமன்றம் 2014-இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை, காப்பீடு ஆகியவற்றுக்கு வகை செய்தது. இவை பயன் தர வேண்டுமாயின், மருத்துவமனை வாயிலில் மதிப்பு கிடைக்க வேண்டும். களப் பணியாளர் விரும்பிய பெயரைக் கேட்டறிந்து அழைப்பதும், மறுபரிசோதனைத் தேதியை நினைவூட்டுவதும், வகுப்பில் ஏளனத்தை ஆசிரியர் உடனே தடுப்பதும் பொருட்செலவற்ற செயல்கள். சிகிச்சை இடையில் நின்றுபோகாமல் காப்பவை இவையே.