வானிலிருந்து காணும் வண்ண ஏரிகள்

நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் புளோரஸ் என்றொரு தீவு உள்ளது. அங்குள்ள கெலிமுத்து எரிமலை 1,639 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியில் மூன்று ஏரிகள் உள்ளன. ஒரே மலையில் இருந்தும் மூன்றும் வெவ்வேறு நிறம்! ஒன்று வெளிர்நீலமாகவும், ஒன்று பச்சையாகவும், பிறிதொன்று கருமையாகவும் காட்சி தரும். சில காலம் சென்றபின் பார்த்தால் பச்சையாயிருந்தது செம்பழுப்பாக மாறியிருக்கும். இறந்தோரின் ஆவிகள் இவ்வேரிகளில் வந்து தங்குகின்றன என்பது அங்கு வாழும் லியோ மக்களின் நம்பிக்கை. முதியோர்க்கு ஓர் ஏரி, இளையோர்க்கு ஓர் ஏரி, தீவினை புரிந்தோர்க்கு ஓர் ஏரி.

நிறம் மாறுவது ஏன்? எரிமலையின் அடியிலிருந்து வாயுக்கள் எழுந்து நீரில் கலந்தவண்ணம் உள்ளன. நீரில் கரைந்துள்ள இரும்பு, உயிர்வளி குறைந்தால் பச்சை நிறமும், மிகுந்தால் துருவைப் போன்ற செந்நிறமும் தரும். கந்தகத் துகள்கள் மிதந்தால் நீர் பால் கலந்த நீலமாகும். ஆகவே ஏரியின் நிறத்தை நோக்குவது, வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்றதே.

இது வெறும் வேடிக்கையன்று. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் இரவு, ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து கரியமில வாயு பொங்கியெழுந்து, ஏறத்தாழ 1,700 பேரின் உயிரைக் குடித்தது. நீலமாயிருந்த அவ்வேரி அதன் பின்னரே சிவந்தது. எனவே நிறத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்றே நாம் கருதுகிறோம். நீரின் வெப்பத்தையும் வாயுவையும் அளந்தறிதல் வேண்டும்.

ஆயினும் நாள்தோறும் மலையேறி நீர் மொண்டு வருதல் எளிதன்று. அங்கேதான் துணைக்கோள் துணைபுரிகிறது. லேண்ட்சாட் வரிசையின் முதல் துணைக்கோள் 1972-இல் விண்ணில் ஏவப்பட்டது. இன்றுள்ளவை 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 16 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்திற்கு மேலே வருகிறது. நீரிலிருந்து மீளும் சூரிய ஒளியை நீலம், பச்சை, சிவப்பு எனத் தனித்தனியே பிரித்து அளந்து அனுப்புகின்றன. கணக்கு நோட்டின் கட்டங்களை நீங்கள் வண்ணப் பென்சிலால் நிரப்புவீர்கள் அல்லவா? அதைப் போன்றே, 30 மீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு சதுரத்திற்கும் ஒரு நிறம் கிடைக்கிறது. மலையுச்சியை முகில் மூடிவிட்டால் மட்டும் அன்றைய படம் பயன்படாது. ஏரிகளும் சிறியவை, கரையையொட்டிய கட்டங்களில் பாறையின் நிறமும் கலந்துவிடும். அவற்றை ஒதுக்கி, முப்பது ஆண்டுக் காலப் படங்களை வரிசைப்படுத்தி, கெலிமுத்துவின் நிற வரலாற்றை அறிஞர்கள் எழுதியுள்ளனர்.

1992-இல் இந்தோனேசியா வெளியிட்ட 5,000 ரூபியா தாளில் இம்மூன்று ஏரிகளும் இடம்பெற்றன. பழைய பணத்தாள் சேர்ப்போர் உங்கள் வீட்டருகே இருப்பின் கேட்டுப் பாருங்கள்.