இலையிற் பதிந்த முகங்கள்

புகைப்படம் என்றதும் காகிதத்தையும் கண்ணாடியையும் இரசாயனத் திரவங்களையும் நினைப்பதே நெடுங்கால வழக்கம். இன்று கைத்தொலைபேசியின் திரையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆனால், பசுமை மாறாத இலையைப் படத்தாளாகவும் வெயிலை இரசாயனமாகவும் கொண்டு மனித முகங்களைப் பதித்துவரும் கலைஞர் ஒருவர் உளர். அவர் பெயர் பின் டான். அமெரிக்காவின் ஓக்லன்ட் நகரிலே பெண்கல்விக்குப் பேர்பெற்று விளங்கிய மில்ஸ் கல்லூரியின் கலைக்கூடத்தில், 2010ஆம் ஆண்டு, 'நினைவுகளைத் திரட்டல்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவருடைய கண்காட்சி நடைபெற்றது. 1852இல் தோன்றிய அக்கல்லூரி 2022இல் வேறொரு சர்வகலாசாலையுடன் இணைந்துவிட்டது. ஆயினும், டானின் கலை எழுப்பும் கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை.

டான் 1977இல் வியட்நாமிற் பிறந்தவர். 1979இல் அவருடைய குடும்பம் அகதிகளாய் அமெரிக்கா சென்றது. போர் அவர் வாழ்வின் திசையையே மாற்றியது. ஆனால் அந்தப் போரை அவர் தம் கண்ணாற் கண்டு நினைவில் வைத்திருக்க வயது இடந்தரவில்லை. பிறர் எடுத்த படங்களின் வாயிலாகவே தம் நாட்டின் துயரத்தை அவர் அறிய வேண்டியிருந்தது. ஆகவே புதிதாகப் படம் பிடிப்பதைக் காட்டிலும், முன்னரே பிடிக்கப்பட்ட படங்களை மீண்டும் பார்க்கச் செய்வதே அவர் கலையின் முதற்பணியாயிற்று.

கோடையிலே புற்றரையிற் கிடந்த நீர்க்குழாயின் கீழே புல்லின் நிறம் மாறியிருந்ததை அவர் ஒருமுறை கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே அவருடைய முறை. இலையின்மேல் ஒளி ஊடுருவும் படச்சுருளை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் இடுவார். ஒளி பட்ட இடத்திற் பச்சையம் வெளுக்கும். நிழல் விழுந்த இடம் பச்சையாகவே நிற்கும். வெளுப்புக்கும் பசுமைக்கும் இடையே ஒரு முகம் மெல்லத் தோன்றும். இதற்கு நாட்கள் செல்லும்; சிலவேளை வாரங்களும் செல்லும். பல இலைகள் வாடியும் அழுகியும் வீணாகிவிடும். தேறியவற்றை மேலும் மங்காதிருக்கும்படி பளிங்கு போன்ற பிசினுள் அடைத்துவைப்பார்.

அவர் தேர்ந்தெடுத்த முகங்கள் யாருடையவை? 1969 ஜூன் 27ஆந் திகதி 'லைஃப்' சஞ்சிகை, வியட்நாம்ப் போரில் ஒரு வாரத்தில் மாண்ட அமெரிக்கரின் படங்களை வரிசையாக வெளியிட்டது. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். பாடசாலைப் படங்களிற் காணும் அதே புன்னகை. வியட்நாமிற் பிறந்து அகதியான டான் அந்த அமெரிக்கப் போர்வீரரின் முகங்களையும் இலையிற் பதித்தார்; போரில் அகப்பட்ட வியட்நாமியரின் முகங்களையும் அவ்வாறே பதித்தார். எப்பக்கத்தவர் என்று இலை கேட்பதில்லை.

கம்போடியாவின் முகங்களும் இவ்வரிசையில் உள்ளன. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியிலே, புனோம் பென் நகரின் துவோல் சிலெங் என்னும் இடத்தில் இருந்த உயர்தரப் பாடசாலை ஒன்று சிறைக்கூடமாக மாற்றப்பட்டது. அங்கே அடைக்கப்பட்டோர் பல்லாயிரவர். உயிர் தப்பியோர் மிகச் சிலர். கொண்டுவரப்பட்டவர்களைச் சிறை அதிகாரிகள் படம் பிடித்துக் கோவையிற் சேர்த்தனர். அப்படங்களுள் 22, 1997இல் நியூயோர்க்கின் நவீன கலைக் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டபோது, மரணத்தின் பற்றுச்சீட்டைக் கலைப்பொருளாக்குவதா என்று கண்டனம் எழுந்தது. டானின் இலைகளை நோக்கியும் இக்கேள்வியை எழுப்பலாம். அழகிய இலையில் வைத்ததும் கொடுமை மென்மையாகிவிடாதா?

இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிறையின் படக்கருவி அம்மனிதரைக் கணப்பொழுதிற் பதிந்து கணக்கை முடித்தது. இலையோ அதே முகத்துக்கு நாட்கணக்காக வெயிலிற் காத்திருக்கிறது. கோவைக்குத் தேவைப்பட்டது இலக்கமிட்ட ஒரு கைதி; இலையிடம் நாம் காண்பது, நம்மை நேரே நோக்கும் ஒரு பெண், ஒரு சிறுவன், ஒரு தந்தை. அவர்களைக் கண்டுகொள்ள நாம் குனிந்து, கூர்ந்து, நரம்புகளுக்கிடையே தேடவேண்டியுள்ளது. டான் 1839இல் உலகறிந்த வெள்ளித் தகட்டுப் படமுறையையும் கையாள்பவர். ஆடிபோன்ற அத்தகட்டில் மாண்டோரின் எச்சங்களைப் பார்க்கும்போது நம் முகமும் அதனுள்ளே தெரியும். பார்ப்பவன் வெறும் பார்வையாளனாய் விலகி நிற்க அங்கே இடமில்லை.

இத்தகைய கலை, கல்லூரியில் வைக்கப்படுவது பொருத்தமானதே. துவோல் சிலெங்கின் தலைமைச் சிறையதிகாரியாக இருந்த காயிங் குவெக் ஏவ், முன்னர் கணித ஆசிரியர். மில்ஸ் கல்லூரிக் கண்காட்சி நடந்த அதே 2010இல், ஜூலைத் திங்கள் 26ஆந் திகதி, சர்வதேசத் துணையுடன் அமைந்த நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. படித்தவன் கொடியவனாகான் என்ற நம்பிக்கைக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தவன் மனிதரையும் வெறும் எண்ணாக்கிவிடக்கூடும். எண்களுக்குள் மறைந்த மனிதரை மறுபடி முகங்களாகக் காணப் பழகுவதும் கல்வியின் ஒரு கூறே.

இலை தானாக எதனையும் நினைவில் வைத்திருப்பதில்லை, விட்டுவிட்டால் சருகாகும். யாரோ ஒருவர் அதனை எடுத்து, வெயிலில் வைத்து, காத்திருந்து, காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இறந்தோர் நினைவும் அத்தகையதே. காலம் அதனைக் காத்துத் தருமென்று நாம் வாளாவிருத்தல் இயலாது.