இடைநிலையில் நிற்கும் கணக்குப் படிப்பு

புது தில்லி: தில்லி ஐ.டி.ஓ. சந்திப்பை ஒட்டி, இந்திரப்பிரஸ்த சாலையில் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் உள்ளது. அங்கிருந்து விகாஸ் மார்க் வழியாக யமுனைப் பாலத்தைக் கடந்தால் லட்சுமி நகர். ஆற்றின் இக்கரையில் பாடத்திட்டம் வகுக்கப்படுகிறது, அக்கரையில் அது விற்கப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

கணக்குப் பதிவியலைத் தொடக்க நிலையில் கற்பிக்க நாடெங்கும் மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. உச்சநிலையில் சோதித்துப் பார்க்க சி.ஏ. இறுதித் தேர்வு உள்ளது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலையை யார், எங்கே, எவ்வளவு செலவில் கற்பிப்பது? இந்தக் கேள்விக்கு மத்திய அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதுவரை தெளிவான விடை சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் லட்சுமி நகர் வளர்ந்தது.

இடைநிலைக் கணக்கு என்பது சாதாரண விஷயம் அல்ல. பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகியவை பள்ளிப் பாடம். ஒரு தொழிற்சாலை தவணையில் இயந்திரம் வாங்கினால் அதை எந்த ஆண்டின் செலவாகக் காட்டுவது, பொருளை அனுப்பும் முன்பே கைக்கு வந்த முன்பணத்தை வருமானமாகக் காட்டலாமா, ஆண்டுதோறும் தேய்மானத்தை எந்த முறையில் கழிப்பது, தாய் நிறுவனத்தின் கணக்கையும் துணை நிறுவனத்தின் கணக்கையும் எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்பவையெல்லாம் இடைநிலைப் பாடம். லாபமா, நஷ்டமா என்பதே இந்த முடிவுகளைப் பொறுத்து மாறிவிடும். சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி 2009 ஜனவரியில் வெளிவந்தபோது, இல்லாத வங்கி இருப்பு இருப்பதாகக் காட்டப்பட்டதை நாடே பார்த்தது. கணக்கு எழுதுவது வெறும் எழுத்தர் வேலை என்ற எண்ணம் அப்போதே போயிருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்த இடைநிலைக்கு அடையாளமாகத் திகழ்வது சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வு. அதன் பெயர்கூட நிலையாக இருந்ததில்லை. 2001-ல் பி.இ.-2 ஆனது, 2006-ல் பி.சி.சி. ஆனது; 2008-ல் ஐ.பி.சி.சி. ஆனது, 2017-ல் மீண்டும் பழைய பெயருக்கே திரும்பியது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டப்படி, எட்டாக இருந்த தாள்கள் ஆறாகக் குறைக்கப்பட்டன. மேம்பட்ட கணக்கியல், நிறுவனச் சட்டங்கள், வரிவிதிப்பு ஆகியவை முதல் தொகுதி. அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, நிதி மேலாண்மை ஆகியவை இரண்டாம் தொகுதி. ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், தொகுதியின் மொத்தத்தில் 50 சதவீதமும் பெற்றால்தான் தேர்ச்சி. ஒரு தாளில் 39 வாங்கினால், மற்ற இரண்டில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பொதுவாகத் தொகுதியே போயிற்று.

தேர்ச்சி விவரங்களைப் பார்த்தால் நிலைமை புரியும். 2024 மே மாதம் இரு தொகுதிகளையும் சேர்த்து எழுதியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். தேறியவர்கள் சுமார் 11,000 பேர். அதே ஆண்டு செப்டம்பர் தேர்வில் 23,000-க்கும் அதிகமானோர் இரு தொகுதிகளையும் எழுத, 1,330 பேர் மட்டுமே தேறினர். நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. ஆண்டுக்கு இருமுறை நடந்த இத்தேர்வு 2024 முதல் மும்முறை நடத்தப்படுகிறது. இது மாணவர்களுக்குச் சாதகம் என்றுதான் கூறப்பட்டது. தோற்றவர் அடுத்த தேர்வுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆண்டுக்கு மூன்று முறை தோற்க முடியும் என்பதும் உண்மை.

தோற்றவர்கள் என்ன ஆகிறார்கள்? வேலை கிடைக்காமல் போவதில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், சாந்தினி சௌக் துணிக்கடை முதல் கரோல் பாக் உதிரிபாகக் கடை வரை, படிவங்களைக் காலம் தவறாமல் தாக்கல் செய்யத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். விற்பனை விவரத்துக்கு ஒரு படிவம், வரி செலுத்த இன்னொரு படிவம். எதிர்த்தரப்பு வியாபாரி தன் விவரத்தைப் பதிவு செய்யாவிட்டால் உள்ளீட்டு வரி வரவு நின்றுபோகும். டேலி மென்பொருளில் விரல் ஓடினால் மட்டும் இதற்குப் போதாது. வரிச் சட்டமும் கணக்கியலும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு முழு ஆடிட்டர் தேவையில்லை. இடைநிலை படித்தவர் போதும்.

அவரிடம் தகுதிச் சான்றாகக் காட்ட எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். 'சி.ஏ. இன்டர்' என்று விண்ணப்பத்தில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் 'பி.ஏ. ஃபெயில்' என்பதையும் தகுதியாகப் போட்டுக்கொண்ட நாடு இது, ஆகவே வியப்பதற்கில்லை. ஆனால் இன்டர் தேறியவருக்கு நிறுவனத்தின் உறுப்பினர் தகுதி கிடையாது. தேர்ச்சி என்பது பட்டமும் ஆகாது. இறுதித் தேர்வில் தேறினால் ஆடிட்டர். தேறாவிட்டால் ஐந்தாறு ஆண்டு உழைப்புக்கு மதிப்பெண் பட்டியல்தான் மிச்சம். ஐ.பி.சி.சி. காலத்தில் முதல் தொகுதியைத் தேறி, ஓராண்டு செய்முறைப் பயிற்சியும் பெற்றவருக்குக் கணக்கு நுட்பர் சான்றிதழ் தரும் ஏற்பாடு இருந்தது. பிரிட்டனில் இத்தகைய நுட்பர்களுக்கென்றே 1980 முதல் தனிச் சங்கம் இயங்கி வருகிறது. இங்கே அந்தச் சான்றிதழை வேலை தருவோர் பொருட்படுத்தும் அளவுக்கு வளர்க்க யாரும் அக்கறை காட்டவில்லை.

சமுதாயக் கல்லூரி என்ன ஆயிற்று?

இதே இடைநிலைக் கணக்கு அமெரிக்காவில் கல்லூரிப் பாடம். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் உள்ளூர் சமுதாயக் கல்லூரிக்குச் சென்று, குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். பெற்ற மதிப்பெண் அலகுகளைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லவும் வழியுண்டு. இல்லினாய் மாநிலத்தில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் கல்லூரி இந்த மரபின் முன்னோடி.

அந்த எண்ணம் இந்தியாவுக்கு வந்த வழி தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானது அல்ல. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் புதுச்சேரியில் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று வந்தது. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் கைத்தொழில் கற்றுத் தரும் இந்த முயற்சி, தமிழகத்தில் கிறிஸ்தவ நிறுவனங்களின் உழைப்பால் ஓசையின்றி வளர்ந்தது.

தில்லி இதைக் கையில் எடுத்தது 2009-ல். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்குச் சமுதாயக் கல்லூரி நடத்த அனுமதி அளித்தது. அனுமதி வழங்கிய வேகத்தில் கண்காணிப்பு இல்லை. புகார்கள் குவிந்தன. 2012-ல் அதே பல்கலைக்கழகம் திட்டத்தை நிறுத்தியது. சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் அலைய நேர்ந்தது.

அடுத்து, பல்லம் ராஜு மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த 2013-ல், ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் 200 சமுதாயக் கல்லூரிகள் என்ற திட்டம் வந்தது. பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் சென்றது. பாடநேரத்தில் 60 சதவீதம் தொழில்திறனுக்கு, 40 சதவீதம் பொதுக் கல்விக்கு என்று வகுத்தார்கள். கணக்கும் வரிவிதிப்பும் இத்தகைய கல்லூரிகளில் விரும்பிப் படிக்கப்படும் பாடங்களில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அறிவிக்கப்பட்டதால், ஓராண்டுப் பட்டயம், ஈராண்டு உயர்பட்டயம், மூன்றாண்டுத் தொழிற்பட்டம் என்று ஏணிப்படிகள் காகிதத்தில் ஒழுங்காக அமைந்தன.

ஏணியின் மேல்படி எதில் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் யாரும் இல்லை. சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு கணக்குப் படித்து உயர்பட்டயம் பெற்ற ஒருவர் சி.ஏ. படிக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? இன்டரில் நேரடியாகச் சேரப் பட்டம் வேண்டும். வணிகவியல் பட்டதாரியானால் 55 சதவீதம், மற்றவர்களானால் 60 சதவீதம். பட்டம் இல்லாதவர், பிளஸ் 2 முடித்த பையன்களோடு சேர்ந்து ஃபவுண்டேஷன் தேர்வு எழுத வேண்டும். அவர் படித்த ஈராண்டுக்கு அங்கே மதிப்பில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். சி.ஏ. இன்டர் தேறியவர் பட்டம் வேண்டுமென்றால் தனியே பி.காம். படிக்கிறார். தில்லி பல்கலைக்கழகத்தில் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வி நிலையமாகத் தொடங்கிய திறந்தநிலைக் கல்விப் பள்ளிதான் லட்சுமி நகர் மாணவர்கள் பலருக்கும் கல்லூரி. வார நாள்களில் பயிற்சி மையம், பருவத் தேர்வுக்கு மட்டும் பல்கலைக்கழகம். தேய்மானமும் கூட்டாண்மைக் கணக்கும் இரண்டு இடத்திலும் உண்டு. ஒரே பாடத்தை இரண்டு முறை படித்து, இரண்டு முறை கட்டணம் கட்டி, இரண்டு முறை தேர்வு எழுதுகிறார்கள். பாலம் போட முடியாது என்று சொல்வதற்கில்லை. பட்டயக் கணக்காளர் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சி.ஏ. மாணவர்களுக்கென்றே கணக்கியல், நிதி ஆகியவற்றைச் சிறப்புப் பாடங்களாகக் கொண்ட பி.காம். பட்டப்படிப்பை இக்னோ நடத்தியிருக்கிறது. சி.ஏ. தகுதியை முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக 2021-ல் மானியக் குழு ஏற்றது. இறுதிநிலைக்குக் கிடைத்த அங்கீகாரம் இடைநிலைக்குக் கிடைக்கவில்லை.

லட்சுமி நகரின் வாழ்க்கை பற்றித் தலைநகரில் பலருக்கும் தெரியும். பிகார், உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட் மாநிலங்களின் சிறு நகரங்களிலிருந்து வருகிறார்கள். அறை வாடகை, சாப்பாட்டுக்கு டிபன் சர்வீஸ், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரபல ஆசிரியர், அவருக்குத் தனிக் கட்டணம். அறையில் மூன்று பேர் இருந்தால் படிக்க முடியாது. ஆகவே 'லைப்ரரி' என்று பெயர் பெற்ற படிப்புக் கூடத்தில் மாத வாடகைக்கு ஒரு நாற்காலி. அங்கே நூல்கள் இருக்காது; மேஜை, மின்விசிறி, விளக்கு இருக்கும். 2024 ஜூலை 27-ல் பழைய ராஜிந்தர் நகரில் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான், நகரம் இப்படிப்பட்ட அடித்தளக் கூடங்களைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவை அது குறித்துக் குறுகிய நேர விவாதம் நடத்தியது. கொரோனா காலத்துக்குப் பின் வகுப்புகள் கணினித் திரைக்கு மாறியதால் இங்கு வருவோர் சிலருக்குச் செலவு குறைந்தது. பட்டயக் கணக்காளர் நிறுவனமும் இணையம் வழியே இலவச வகுப்புகள் நடத்துகிறது. இதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. ஆயினும் பெற்றோரின் நம்பிக்கை இன்னும் தனியார் மையங்களின் விளம்பரப் பலகைகள் மீதுதான்.

அவையில் பேசியதும் பேசாததும்

பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் முன்பே நிறைவேறிய சட்டம் அது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள இந்த அமைப்பின் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாயிற்று. ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித்துறை நிலைக்குழு அதை ஆராய்ந்து, 2022 மார்ச்சில் அறிக்கை அளித்தது. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போல இந்தியக் கணக்கியல் கழகங்கள் அமைக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. கணக்குக் கல்வி ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதைக் கேள்வி கேட்ட பரிந்துரை என்ற வகையில் அது கவனத்துக்குரியது. நிறுவனத்துக்கு அது உவப்பாக இல்லை.

மசோதா மார்ச் 30-ல் மக்களவையிலும், ஏப்ரல் 5-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களின் தலைமையும் பெரும்பான்மையும் ஆடிட்டர் அல்லாதவர்களிடம் செல்லலாமா என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. தன்னாட்சி பறிபோகும் என்று எதிர்க்கட்சிகள் கூற, அப்படி ஆகாது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மறுத்தார். தவறு செய்யும் ஆடிட்டரை யார் தண்டிப்பது என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் ஐ.ஐ.எம். பாணியில் கழகம் வந்தாலும், அதில் நுழைவோர் சில நூறு பேர்தான் இருப்பர். கர்க்கர்டூமாவிலும் காஜியாபாதிலும் கடைக் கணக்கு எழுதப் போகும் ஆயிரக்கணக்கானோருக்கு அது விடையாகாது.

அவர்களுக்குத் தேவைப்படுவது புதிய சட்டமும் அல்ல. எந்தப் படிப்பை இன்டருக்கான தகுதியாக ஏற்பது, எந்தத் தொகுதியைத் தேறினால் என்ன சான்றிதழ் தருவது என்பவை ஒழுங்குவிதிகளில் அடங்கும். நிறுவனத்தின் பேரவை அவற்றை வகுத்து, மத்திய அரசின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியிட்டால் போதும். 2023-ல் தாள்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டதும், ஆர்டிகிள் பயிற்சி மூன்றாண்டிலிருந்து ஈராண்டாக ஆனதும் இந்த வழியில்தான். அத்தகைய விதிகள் இரு அவைகளின் மேஜையிலும் 30 நாள்களுக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். திருத்தம் கொண்டுவர எந்த உறுப்பினருக்கும் அப்போது உரிமை உண்டு. கேள்வி நேரம் முடிந்ததும் மேஜையில் வைக்கப்படும் அந்தக் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் படிக்கும் வழக்கம்தான் அவையில் அரிதாக உள்ளது.