கண்டியில் ஓர் யுத்த மயானம்

விடுமுறையில் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் நம்மில் எத்தனை பேர், கண்டிப் பாதையில் கெட்டம்பேயில் சற்று இறங்கியிருப்போம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயிரிழந்த 203 பேரின் மயானம் அங்கேதான் உள்ளது. பிரித்தானியர் 107, கிழக்கு ஆபிரிக்கர் 35, நம் நாட்டவர் 26, இந்தியர் 23. மிகுதி கனடா, இத்தாலி, பிரான்ஸ் நாட்டவரும் இனங்காணப்படாத இருவரும்.

எல்லோரும் குண்டடிபட்டு மரித்தவர்களல்லர். மலேரியா கொண்டுபோனவர்களும் உண்டு.

அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். நமது மையவாடிகளின் மீஸான் கற்கள் நினைவுக்கு வந்தன. அன்றைய விதிப்படி மையித்துகள் சொந்த ஊருக்கு அனுப்பப்படவில்லை; இறந்த நாட்டிலேயே அடக்கம். ஆபிரிக்கப் பிள்ளைகளின் கற்களுக்கு முன்தான் எனக்குக் கால் நகரவில்லை. மகனின் கபுறு கண்டியில் இருக்கிறதென்று அந்த உம்மாமாருக்கு யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா?